12 வயதுப் பூனைக்கு ஏற்ற வீட்டைத் தேடியபோது

பூனை வளர்க்க விரும்பிக் காப்பகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் குட்டிகள் இருக்கும் அறைக்கே செல்கிறார்கள். பத்து வயதைக் கடந்த பூனைகளின் கூண்டுகளுக்கு முன்னால் நிற்பவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் கூண்டில் தொங்கும் அட்டையில் வயதைப் படித்ததும் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காப்பகத்தில் தன்னார்வலராக உதவிவரும் நான், செல்லி என்று நாங்கள் அழைத்த 12 வயதுப் பெண் பூனைக்கு வீடு தேடித் தரும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான், அந்த ‘பாவம்’ என்ற சொல் எந்தப் பூனைக்கும் வீடு வாங்கித் தருவதில்லை என்பதைத் தெளிவாக உணர்ந்தேன். இரக்கப்படுகிறவர் எவரேனும் ஒரு நாள் வருவார் என்று காத்திருப்பதைவிட, அந்தப் பூனையின் அன்றாட வாழ்க்கை எத்தகைய வீட்டின் அன்றாட வாழ்க்கையோடு ஒத்துப்போகும் என்பதை அறிந்து, அந்த வீட்டை நாமே தேடிச் செல்வதுதான் பலன் தருகிறது.

செல்லியை வளர்த்தவர் இறந்துவிட்டார். அவருடைய உறவினர்களால் அவளை வைத்துக்கொள்ள இயலவில்லை. வயதான பூனைகள் காப்பகத்துக்கு வந்துசேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்டதாகவே இருக்கிறது: வளர்த்தவரின் மரணம், நீண்ட நோய், வீடு மாறுதல், குடும்பத்தில் ஒருவருக்கு ஒவ்வாமை. பூனையிடம் ஏதோ குறை இருந்ததால்தான் விட்டுவிட்டார்கள் என்று பார்வையாளர்கள் எண்ணிக்கொள்வதால், அது ஏன் காப்பகத்துக்கு வந்தது என்பதை அட்டையின் முதல் வரியிலேயே எழுதுவது நல்லது. நான் இதைத் தொடர்ந்து வலியுறுத்திவருகிறேன். வளர்த்தவர் இறந்துவிட்டார் என்ற ஒரே வரி, பல வரிகளில் எழுதும் புகழுரையைவிட அதிகமாக மனிதர்களை நிற்கவைக்கிறது.

கூண்டில் செல்லி எப்போதும் பின்சுவரைப் பார்த்தபடி, கால்களை உடம்புக்கு அடியில் மடித்துக்கொண்டு கிடந்தாள். யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. இப்படிக் கிடக்கும் பூனையை அமைதியான பூனை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது அச்சத்தில் உறைந்திருக்கும் நிலை. பூனை தன் இடத்தோடு மிக நெருக்கமாகப் பிணைந்த விலங்கு. தன் கன்னத்தையும் விலாவையும் உரசி, தன் மணத்தை மூலைமுடுக்கெங்கும் பூசிவைத்த ஒரு வீட்டிலிருந்து, நாய்கள் குரைக்கும் ஒலியும் கிருமிநாசினியின் நெடியும் நிறைந்த கட்டடத்துக்கு வரும்போது, பல ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த முதிய பூனைக்கு அந்த மாற்றம் குட்டிக்கு இருப்பதைவிடக் கடினமாக இருக்கிறது. ஆகவே கூண்டுக்குள் முதலில் வைக்க வேண்டியது ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுக்கப்பட்ட புதிய பூனைகள், பெட்டி இல்லாத பூனைகளைவிட முதல் சில நாட்களிலேயே விரைவாகப் பதற்றம் தணிந்தது தெரியவந்தது. பெட்டிக்குள் போய்விட்டால் பார்வையாளர்களின் கண்ணில் படாதே என்று சிலர் தயங்குவார்கள். ஒளிய இடம் இருக்கும் பூனைதான் தானாக வெளியே வரத் துணிகிறது என்பதே நான் திரும்பத் திரும்பக் கண்டது.

அப்படியும் செல்லியின் உண்மையான இயல்பைக் கூண்டில் அறிய முடியவில்லை. அதனால் அவளைத் தற்காலிகமாக என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். என் வீட்டில் ஏற்கெனவே துடிப்பான இளம் பூனைகள் இருந்தமையால், அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வது அவளுக்கே நியாயமாகாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஒரு தனி அறையை அவளுக்கு ஒதுக்கினேன். வயதான பூனைக்கு வீடு தேட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கூண்டிலிருந்து அதை வெளியே எடுத்து, ஒரு சாதாரண வீட்டில் சில வாரங்களாவது வைத்துப் பாருங்கள். அதற்கு உங்கள் வீடு முடியாதென்றால் வேறொரு தற்காலிகப் பராமரிப்பாளரைத் தேடுங்கள். ஒரு மூலையும் ஒரு சன்னலும் இருக்கும் சிறிய அறையே போதுமானது.

அந்த அறையில் செல்லி மெல்ல மெல்ல வேறொரு பூனையானாள். காலையில் வெயில் விழும் இடத்துக்கு நகர்ந்து படுப்பாள்; நண்பகல் முழுதும் உறங்குவாள்; மாலையில் யாராவது தரையில் அமர்ந்தால் வந்து முழங்காலில் தலையை முட்டுவாள். மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் உடனே இறங்கிவிடுவாள். தானாக ஏறி அமர்ந்தாலோ நெடுநேரம் இருப்பாள். கதவு வேகமாகச் சாத்தப்பட்டால் அஞ்சுவாள், ஆனால் வானொலி ஒலித்துக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொருட்டில்லை. முன்பிருந்த வீட்டில் வானொலி கேட்டுப் பழகியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். பிற்காலத்தில் அவளுக்கு வீடு கிடைத்ததற்கு இந்த நோட்டுதான் முதன்மையான காரணம். குட்டியை எடுத்துச் செல்கிறவர், அது வளர்ந்தால் எப்படிப்பட்ட பூனையாகும் என்று தெரியாமலே எடுத்துச் செல்கிறார். முதிய பூனையோ முழுமையாக உருவாகிவிட்ட ஓர் உயிர். அதன் விருப்பும் வெறுப்பும் நமக்குத் தெரியும், சொல்லவும் முடியும். வயதையே குறையாகப் பார்க்கும் ஒருவரிடம் நாம் எடுத்துவைக்கக்கூடிய மிக வலுவான உண்மை அதுவே.

நம்பிக்கையைப் பெறுவதற்கு அவசரப்படாமல் இருந்தேன். அறையின் ஓரத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். அவளை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், கண்களை மெதுவாகப் பாதி மூடித் திறந்தேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற, 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இப்படி மெதுவாகக் கண்சிமிட்டும் மனிதர்களுக்குப் பூனைகளும் கண்சிமிட்டிப் பதிலளிப்பதையும், அறிமுகமற்றவராக இருந்தாலும் அவர்களை அணுக அதிக விருப்பம் காட்டுவதையும் பதிவுசெய்துள்ளது. பின்னர் செல்லியைப் பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் இதைக் கற்றுக்கொடுத்தேன். ஒரு பூனையைச் சந்திக்க வருகிறவர் கையை நீட்டாமல் அமைதியாக உட்கார்ந்து கண்சிமிட்டிக் காத்திருக்கிறாரா என்பதைக் கொண்டே அவரைப் பற்றி நிறைய அறிந்துகொள்ளலாம்.

உடல்நலப் பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். முதிய பூனைகளின் தத்தெடுப்பு தடைபடுவதும் பின்னர் முறிந்துபோவதும் பெரும்பாலும் இங்கேதான். கால்நடை மருத்துவர்கள் இப்போது பத்து வயதுக்கு மேற்பட்ட பூனையை முதுமைப் பருவத்தைச் சேர்ந்ததாகக் கொள்கிறார்கள். 12 வயது என்பது மனிதருக்கு ஏறக்குறைய 64 வயதுக்கு ஈடாகச் சொல்லப்படுகிறது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகள் 15 வயதைத் தாண்டி வாழ்வது சாதாரணம், சில 20 வயதையும் எட்டுகின்றன. ஆகவே 12 வயதுப் பூனையை ஏற்பவர் இன்னும் பல ஆண்டுகள் அதனோடு வாழக்கூடும். அந்த ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை ஓரளவாவது முன்கூட்டிச் சொல்ல, முழுமையான பரிசோதனை கட்டாயம் தேவை.

செல்லிக்கு இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம், தைராய்டு அளவு, பற்கள் ஆகிய அனைத்தையும் பார்க்கச் சொன்னேன். வழக்கமான இரத்தப் பரிசோதனை மட்டும் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்த பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு இயல்பைத் தாண்டும். சிறுநீர் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்ப்பதும், இரத்தத்தில் எஸ்.டி.எம்.ஏ. என்ற வேறொரு பொருளை அளக்கும் பரிசோதனையும் அதற்கு முன்பே குறிப்புக் கொடுத்துவிடும். செல்லியின் சிறுநீரகங்கள் சற்றுத் தளர்ந்திருந்தன. நான்கு நிலைகளாகப் பகுக்கப்படும் நாள்பட்ட சிறுநீரக நோயில் அவள் இரண்டாம் நிலையில் இருந்தாள். இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தது நல்ல செய்தி. சிறுநீரக நோயோ, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயோ உள்ள பூனைகளுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்து, விழித்திரை பிரிந்து, திடீரெனப் பார்வை போய்விடுவதுண்டு; தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே வரும் முதிய பூனையைக் கண்டால் தைராய்டைச் சோதிக்காமல் இருக்கக் கூடாது.

பற்களில் சிலவற்றை அகற்ற வேண்டியிருந்தது. அதுவரை அவள் கன்னத்தைத் தொடவிடாமல் இருந்ததற்குக் குணம் காரணமல்ல, வலிதான் காரணம் என்பது பற்களை எடுத்த பிறகு விளங்கியது. அதன் பின்னர் அவளே கன்னத்தை என் கையில் தேய்த்தாள். பூனை வலியை மறைக்கும் விலங்கு. காதுகள் பக்கவாட்டில் விலகியிருப்பது, கண்கள் இடுங்கியிருப்பது, மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருப்பது, மீசை முடிகள் விறைத்திருப்பது, தலை தோள்களின் மட்டத்துக்குத் தாழ்ந்திருப்பது ஆகிய ஐந்தையும் கொண்டு வலியை மதிப்பிடும் முகக்குறி அளவுகோலை மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்டார்கள். முதிய பூனைகளைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சிடுசிடுப்பானது, தொடவிடாது, கடிக்கும் என்று அட்டையில் எழுதப்பட்ட பல பூனைகள் உண்மையில் பல்வலியோடும் மூட்டுவலியோடும் இருப்பவை.

மூட்டுத் தேய்மானமும் அப்படித்தான். 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு பூனைகளிடம் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் காணப்பட்டன. பூனை நொண்டுவதில்லை, தாவுவதை நிறுத்திவிடுகிறது, உடம்பின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது, விளிம்பு உயர்ந்த மணல் தட்டுக்குள் ஏறத் தயங்கி அதன் அருகிலேயே சிறுநீர் கழிக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே வீட்டை இழந்த பூனைகளை நான் கண்டிருக்கிறேன். ஒரு பக்கம் தாழ்வாக வெட்டப்பட்ட தட்டு அவற்றைக் காப்பாற்றியிருக்கும். செல்லிக்கு அப்படிப்பட்ட தட்டைக் கொடுத்தோம், சன்னலுக்கு ஏற இடையில் ஒரு முக்காலி வைத்தோம். இப்போது பூனைகளின் மூட்டுவலிக்கென்றே ஃப்ரூனெவெட்மாப் என்ற மாதாந்தர ஊசி சில நாடுகளில் கிடைக்கிறது; ஐரோப்பாவில் 2021இலும் அமெரிக்காவில் 2022இலும் அனுமதிக்கப்பட்டது. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரையை, குறிப்பாகப் பாராசிட்டமாலை, ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

பரிசோதனை முடிந்ததும், செல்லியைப் பற்றிய அறிமுகக் குறிப்பைப் புதிதாக எழுதினேன். காப்பகத்தின் அட்டையில் ‘அன்பான, அமைதியான பூனை, நல்ல வீடு தேவை’ என்று இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அதே வரியை எந்தப் பூனைக்கும் எழுதலாம். நான் எழுதியதில், அவள் காலையில் வெயிலைத் தேடிப் போவதையும், தூக்கினால் இறங்கிவிடுவாள், தானாக வந்தால் நெடுநேரம் இருப்பாள் என்பதையும், வானொலி பிடிக்கும், கதவின் சத்தம் பிடிக்காது என்பதையும் சொன்னேன். அடுத்த பத்தியில் சிறுநீரகத்தின் நிலை, அகற்றப்பட்ட பற்கள், மூட்டுகள், அவளுக்குத் தேவைப்படும் உணவு, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும், அதற்குத் தோராயமாக என்ன செலவாகும் என்பவற்றை மறைக்காமல் எழுதினேன். மூன்றாவது பத்தியில் அவளுக்குப் பொருந்தாத வீட்டைக் குறிப்பிட்டேன்: துரத்தி விளையாடும் இளம் பூனைகள் உள்ள வீடு, ஓடியாடும் வயதில் சிறு குழந்தைகள் உள்ள வீடு, நாள் முழுதும் ஆளில்லாத வீடு.

நோயைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் யார் வருவார்கள் என்று காப்பகத்தில் சிலர் கேட்டார்கள். குறைவாகத்தான் வருவார்கள் என்பதை நானும் அறிவேன். எனினும், மறைத்துக் கொடுத்த பூனை சில வாரங்களில் திரும்பி வரும்போது அது இரண்டாவது முறையாக ஒரு வீட்டை இழக்கிறது. முதிய உடலுக்கு அந்த அதிர்ச்சியைத் தாங்கும் வலு குறைவு. உண்மையைப் படித்துவிட்டும் பேச முன்வரும் ஐந்து பேர், அரைகுறையாகப் படித்துவிட்டு வரும் ஐம்பது பேரைவிடச் செல்லிக்குப் பயன்படுவார்கள்.

படங்களைப் பற்றி ஒரு சொல். கூண்டுக் கம்பிகளுக்கு இடையே மேலிருந்து எடுத்த படம் எந்தப் பூனையையும் கைதியைப் போலவே காட்டும். தரையில் படுத்து, பூனையின் கண்மட்டத்தில், சன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், ஃபிளாஷ் வேண்டாம். முன்னதாக மெல்ல வாரிவிட்டுக் கண்ணோரத்து அழுக்கைத் துடைத்துவிட்டால் போதுமானது. அவள் நடப்பதையும் சாப்பிடுவதையும் காட்டும் சிறிய காணொளி ஒன்றையும் சேர்த்தேன்; அவளது நடையின் விறைப்பு அதில் தெரிந்தது, தெரியட்டும் என்றுதான் சேர்த்தேன்.

எங்கே தேடுவது என்பதில் என் எண்ணம் இப்போது உறுதிப்பட்டுவிட்டது. பொதுவாகப் பூனை வேண்டும் என்று கேட்பவர்களிடம் முதிய பூனையைக் கொண்டுசெல்வதில் பயன் குறைவு. ஏற்கெனவே ஒரு முதிய பூனையோடு வாழ்ந்து, அதன் கடைசி ஆண்டுகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மாத்திரை கொடுக்கவும் தெரியும், மருத்துவச் செலவும் தெரியும், பிரிவும் தெரியும். அவர்களை மிக நன்றாக அறிந்தவர்கள் கால்நடை மருத்துவமனைகளின் ஊழியர்கள். ஆகவே அருகிலுள்ள மருத்துவமனைகளில் எல்லாம் அறிமுகக் குறிப்பின் படியைக் கொடுத்து, பொருத்தமானவர்கள் நினைவுக்கு வந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். வீட்டிலிருந்து பணிபுரிகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள், குட்டியின் ஓயாத துடிப்பைத் தாங்க இயலாது என்று தாங்களே சொல்பவர்கள் ஆகியோரும் செல்லி போன்ற பூனைக்கு ஏற்றவர்கள்.

விசாரித்தவர்களில் சிலரை மறுக்க வேண்டியிருந்தது. சிறு குழந்தைகளும் நாயும் இருந்த ஒரு குடும்பத்தினர் நல்ல மனிதர்கள். அவர்கள் வீட்டுக்கு, மனிதர்களிடமும் நாய்களிடமும் பழகிய மூன்று வயதுப் பூனை ஒன்று காப்பகத்தில் இருப்பதைச் சொல்லி அனுப்பினேன், அதை எடுத்துக்கொண்டார்கள். இன்னொருவர் எலி பிடிக்கப் பூனை வேண்டும் என்றார். வேறொரு பெண்மணி தம் பூனை இறந்து சில நாட்களே ஆன நிலையில் வந்திருந்தார். செல்லியின் நிறமும் அவருடைய பூனையின் நிறமும் ஒன்றாம். அவர் பேசியதெல்லாம் இறந்த பூனையைப் பற்றியே இருந்தது. அவருடைய துயரத்தை மதித்தே, சிறிது காலம் கழித்து மறுபடியும் பேசலாம் என்று கேட்டுக்கொண்டேன். ஓர் உயிரை இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பார்க்கும்போது, புதிதாக வந்தது எப்படி நடந்துகொண்டாலும் அது ஏமாற்றமாகவே தோன்றிவிடும். மறுப்பதற்கு மனம் வராதவர்கள் இந்தப் பணியில் மிகவும் துன்பப்படுவார்கள். மறுக்கும்போதே வேறொரு வழியையும் காட்டிவிட்டால் பாரம் குறைகிறது.

செல்லியை இறுதியில் ஏற்றுக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. மருத்துவமனை ஊழியர் ஒருவர் அவருக்குக் குறிப்பைக் கொடுத்திருந்தார். தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரையை அவள் உணவோடு சேர்த்துச் சாப்பிடுவாளா, தனியாகக் கொடுக்க வேண்டுமா?” என்பது. இரண்டாவது கேள்வி, “நான் காலையில் நெடுநேரம் வாசலறையில் படித்துக்கொண்டிருப்பேன், அங்கே வெயில் வரும், அவளுக்கு அது போதுமா?” என்பது. பல ஆண்டுகள் முன்பு அவருடைய முதிய பூனை ஒன்று சிறுநீரக நோயால் இறந்திருந்தது. தோலுக்கடியில் திரவம் ஏற்றவும் அவர் கற்றிருந்தார்.

நான் கேட்ட கேள்விகளில் ஒன்று கேட்பதற்குச் சங்கடமானது: “அம்மா, உங்களுக்கு உடல்நலம் குன்றினாலோ, நீங்கள் நீண்ட நாள் வெளியூரில் இருக்க நேர்ந்தாலோ, செல்லியைப் பார்த்துக்கொள்பவர் யார்?” அவர் சற்றும் வருந்தவில்லை. அடுத்த தெருவில் வசிக்கும் மகளைத் தொலைபேசியிலேயே அழைத்து என்னிடம் பேசவைத்தார். வளர்த்தவரின் மரணத்தால் ஒருமுறை வீடிழந்த பூனைக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது அலட்சியம். அதே சமயம், வயதானவர்களுக்குப் பூனை கொடுக்கக் கூடாது என்று சில இடங்களில் வைத்திருக்கும் விதியை நான் ஏற்கவில்லை. இரண்டாவது பொறுப்பாளர் ஒருவர் பெயரோடும் ஒப்புதலோடும் உறுதியாக இருந்தால், முதியவரின் அமைதியான வீட்டைவிட முதிய பூனைக்கு ஏற்ற வீடு அரிது.

கொடுப்பதற்கு முன் அவருடைய வீட்டைப் போய்ப் பார்த்தேன். சோதனையிட வந்தவர் போல நடந்துகொள்ளாமல், செல்லிக்கு எந்த மூலை பொருந்தும் என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். சன்னல்களில் வலை இருக்கிறதா, பூனை நுழைந்து சிக்கிக்கொள்ளும் இடுக்குகள் உண்டா, பூச்சாடிகளில் லில்லி வகைப் பூக்கள் உண்டா என்று கவனித்தேன். லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிடும். நாய்களுக்கான உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பதையும் சொல்லிவைத்தேன். மணல் தட்டு உணவுக் கிண்ணத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், தண்ணீரும் உணவுக்கு அருகில் வேண்டாம், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் இருந்தால் சிறுநீரகம் தளர்ந்த பூனை கூடுதலாகக் குடிக்கும் என்பனவற்றை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார்.

உடனே நிரந்தரமாக எழுதிக் கொடுக்காமல், முதலில் சில வாரங்கள் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். முதிய பூனைகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் உதவுகிறது. ஏற்கிறவருக்கும் தயக்கம் குறைகிறது, பூனைக்கும் திரும்பும் வழி மூடப்படுவதில்லை. செல்லியின் துணியைத் துவைக்காமல் அப்படியே அனுப்பினேன்; அவளுடைய மணமுள்ள அந்தத் துணிதான் புதிய வீட்டில் அவளுக்குத் தெரிந்த ஒரே பொருள். அதே உணவு, அதே மணல், அதே கிண்ணம், அதே வேளைகள். எடுத்துச் செல்லும் கூடையைப் பல நாட்கள் முன்பிருந்தே அறையில் திறந்துவைத்திருந்ததால், அவள் அதற்குள் உறங்கப் பழகியிருந்தாள். பயண நாளில் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

தொடக்க நாட்களில் அவள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். ஒளிந்திருப்பதில் தவறில்லை, இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. ஆனால் உண்ணாமல் இருப்பதை மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது: பூனை இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து உணவைத் தொடாவிட்டால், சேமிப்புக் கொழுப்பு ஈரலில் படிந்து உயிருக்கே ஆபத்தான நிலை உருவாகலாம், பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். செல்லி முதல் நாள் எதையும் உண்ணவில்லை என்று அவர் அழைத்தபோது, ஈரமான உணவை உடற்சூட்டுக்குச் சற்றே வெதுவெதுப்பாக்கி, கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறும்படி சொன்னேன். வயதான பூனைக்கு முகரும் திறன் குறைந்திருக்கலாம். சூடாகும் உணவின் மணம் எழுந்து வரும். மறுநாளும் உண்ணாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தோம். அந்த இரவு பாதிக் கிண்ணம் காலியாகியிருந்தது, மருத்துவரிடம் செல்லத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு முன்னேற்றம் மெதுவாக, சில நாள் முன்னும் சில நாள் பின்னுமாக நடந்தது. இரவில் அறையைச் சுற்றிப் பார்த்தாள், பின்னர் பகலிலும் வந்தாள்; ஒருநாள் கதவு பலமாகச் சாத்தப்பட்டதால் மறுபடியும் கட்டிலுக்கடியில் போனாள். இப்படிப் பின்வாங்குவதைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். முதிய பூனை ஒரு வீட்டைத் தனதாக்கிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகலாம் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆசிரியைக்கு நான் அடிக்கடி அழைத்துத் தொல்லை கொடுக்கவில்லை; முதல் வாரத்தில் ஓரிரு முறை, பின்னர் அவர் அழைக்கும்போது மட்டும் பேசினேன். எடையை வாராவாரம் ஒரே தராசில் பார்த்து எழுதிவரும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். முதிய பூனையின் எடை சிறிது சிறிதாகக் குறைவது கண்ணுக்குத் தெரியாது, எழுதிவைத்த எண்களில்தான் தெரியும்.

நிரந்தர ஒப்பந்தத்தில், எக்காரணத்தாலும் வைத்துக்கொள்ள இயலாமல் போனால் செல்லியை வேறு யாரிடமும் ஒப்படைக்காமல் காப்பகத்துக்கே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தோம். அப்படி நேர்ந்தால் அவள் கூண்டுக்குப் போகாமல் என் வீட்டின் அதே அறைக்கு வருவாள் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். அவளது தோலுக்கடியில் உள்ள நுண்சில்லின் (மைக்ரோசிப்) 15 இலக்க எண் ஆசிரியையின் பெயருக்கு மாற்றப்பட்டது; இரண்டாவது தொடர்பு எண்ணாக மகளின் எண் சேர்க்கப்பட்டது. இந்த மாற்றத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூனை வழிதவறிப் போனால் பழைய உரிமையாளரின் எண்ணுக்கே அழைப்பு போகும், செல்லியின் விஷயத்தில் அந்த எண்ணை எடுக்க யாருமே இல்லை. மருத்துவக் குறிப்புகளின் முழுப் படியையும், அவளது பழக்கங்களைக் குறித்துவைத்த நோட்டையும் ஆசிரியையிடமே கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலை மாறாமல் இருந்தது, எடை சற்றே கூடியிருந்தது. ஆசிரியை அந்த நோட்டில் இப்போது தாமே எழுதிவருகிறார். மகள் வீட்டில் தங்க நேரும் நாட்களில் அதுவும் செல்லியோடு போகிறது.